போலி மருந்தா, மருந்துப்போலியா?

நேயர்களுக்கு வணக்கம். நான் முப்பத்தொரு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்துக்கும் எனக்கும் உள்ள உறவு, காலையில் போடுகிற பிரஷர் மாத்திரையோடு சரி. ஆனாலும் சில வருடமாக ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் இருக்கிறேன். எத்திக்ஸ் கமிட்டி என்பார்கள். மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்வதென்றால் முதலில் இந்தக் குழு பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். புது மருந்துச் சோதனைகளுக்கு 2019ஆம் வருட விதி இருக்கிறது. குழுவில் குறைந்தது 7 பேர், தலைவர் வெளியாள், சட்டம் தெரிந்தவர் ஒருவர், சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம். அந்தச் சாதாரண ஆள் நான்தான்.

என் வேலை ஒப்புதல் படிவத்தைப் படிப்பது. ஆபரேஷனுக்கு முன்னால் நீங்களும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். படித்தா போட்டீர்கள்? என் மனைவிக்குக் கண்புரை எடுத்த அன்று, பேனாவைக் கொடுத்ததும் நானும் போட்டுவிட்டேன். ஒற்றுப்பிழைக்கு அரை மார்க் குறைத்த ஆள்!

ஆனால் ஆராய்ச்சி வேறு. ஆபரேஷன் நம் உடம்பு குணமாவதற்கு. ஆராய்ச்சியில் நமக்கு ஒன்றும் கிடைக்காமலே போகலாம். அதனால் இங்கே படிக்காமல் போடக் கூடாது.

முக்கூடல் பக்கம் ஒரு ஊர். மூட்டுவலிக்கு ஒரு மாத்திரையைச் சோதிக்க ஆள் சேர்த்தார்கள். படிவம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க நானும் கூடப் போனேன். திண்ணையில் நாலைந்து பெண்கள், மடியில் சுளவு, சுளவில் பீடி இலையும் தூளும். ஆராய்ச்சி மாணவர் படிவத்தை வாசித்தார்: "பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு முறையில் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு தொகுதியினருக்கு மருந்துப்போலி வழங்கப்படும்."

இலை வெட்டிக்கொண்டிருந்த ஆச்சியின் கத்தரி நின்றது. "போலி மருந்தா? ஏ தம்பி, போலி மருந்தையா எங்களுக்குக் குடுக்கப் போறிய?"

இந்தப் 'போலி' இருக்கிறதே, இலக்கணத்தில் ரொம்ப மரியாதையான சொல். பந்தல், பந்தர் ஆனால் கடைப்போலி. அரசு, அரைசு ஆனால் இடைப்போலி. எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. வகுப்பில் எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! ஆனால் ஊரில் போலி என்றால் போலி டாக்டர், போலிப் பத்திரம், போலி நோட்டு. மருந்து போலவே இருந்து, உள்ளே மருந்து இல்லாத மாத்திரைக்குத்தான் மருந்துப்போலி என்று பெயர். அந்தச் சொல்லைப் படிவத்தில் நான்தான் சரிபார்த்து விட்டிருந்தேன். கலைச்சொல் சரியாக இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

அப்புறம் நானே சொன்னேன். "ஆச்சி, திருவுளச்சீட்டு போட்டுப் பார்க்கிற மாதிரி. பாதிப் பேருக்கு மருந்து உள்ள மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்து இல்லாத மாத்திரை. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். யாருக்கு எதுன்னு கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது."

ஆச்சி யோசித்தார். "சரி சார்வாள். எனக்கு மருந்து இல்லாதது வந்துட்டுன்னா, என் முட்டுவலிய யாரு பாப்பா?"

படிவத்தில் அதற்கு விடை இல்லை. குழுவில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான். வலி தாங்காவிட்டால் வழக்கமான மாத்திரை தரப்படும் என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் வேலை மேலே நடந்தது. ஆச்சி சேரவில்லை. வேண்டாம் என்றுவிட்டார். அதுவும் சரிதான். வேண்டாம் என்பதற்காக ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிடைக்கிற வைத்தியம் குறையக் கூடாது. சேர்ந்தவர்களும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று டாக்டர்களே சலிப்பார்கள். காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை, நாற்பது வருடம், சுமார் 600 கறுப்பின ஆண்களை அரசாங்கமே ஆராய்ந்தது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்கிற மேகநோய். "ரத்தம் கெட்டிருக்கிறது" என்று மட்டும் சொன்னார்கள். சாப்பாடு போட்டார்கள், அடக்கச் செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். நடுவில் பெனிசிலின் வந்து, ஊரெல்லாம் அந்த நோய்க்கு அதைக் கொடுத்தபோதும் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. நோய் எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டுமாம்! இவர்களில் ஒருவருக்காவது அந்த ஆச்சி மாதிரிக் கேட்க வழி இருந்ததா?

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இன்னும் இரண்டே நிமிஷம்தானாம். போலியிலேயே நேரம் போய்விட்டது. பிள்ளைகளைப் பற்றி நிறைய எழுதிக் கொண்டுவந்திருந்தேன். ஆந்திரத்தில் ஒரு தடுப்பூசி ஆய்வில் விடுதிச் சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதில் வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த ஆய்வு 2010இல் நிறுத்தப்பட்டது. பெற்றோர் சம்மதம் வேண்டும், விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் சம்மதமும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதென்றால், ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி ஆரம்பத்திலிருந்து கூடவே இருக்க வேண்டும். மருந்துச் சோதனையால் உடம்புக்கு ஏதாவது வந்தால் வைத்தியம் இலவசம், நஷ்டஈடும் உண்டு.

ஒரு விரல் ஆகிவிட்டது. படிவத்தின் நகல் ஒன்று உங்களுக்குத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். யாரிடம் கேட்பது என்று போன் நம்பர் அதில்தான் இருக்கும். ரேஷன் கார்டு வைத்திருக்கிற கவரிலேயே போட்டு வையுங்கள். வணக்கம்.