பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

(கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைப் பங்கு ஒன்றின் ஆர்.சி. தொடக்கப் பள்ளியில், ஞாயிறு பூசை முடிந்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது அங்கங்கே சுருக்கியிருக்கிறேன்.)

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வீட்டுக்குப் போய் மீன் குழம்பு கூட்ட வேண்டிய நேரத்தில் எனக்காக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து நின்றபடி இது எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன்மார்களே, வணக்கம்.

தொழில்நுட்பம், விசுவாசம், சமூக வாழ்வு மூன்றையும் தொடக்கப் பள்ளியில் எப்படிச் சமமாக வைப்பது என்று பேசச் சொன்னார்கள். கேட்டதும் எனக்குத் தராசுதான் ஞாபகம் வந்தது. நம்ம கரையில் மீனை மணலில் குவித்துப் போட்டு ஏலம் விட்டுத்தான் பழக்கம். தராசு பின்னால் வந்தது. அதனால் நானும் தராசு கொண்டு வரவில்லை. ஒரு கேள்வி மட்டும் கொண்டு வந்திருக்கிறேன். பிள்ளை கையில் போன் இருக்கிற நேரத்தில், அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

சில வருடங்களுக்கு முன் ஒரு தியானத்துக்குப் போயிருந்தேன். செல்போன் சாத்தானின் கருவி என்று பிரசங்கியார் முழங்கினார். பந்தல் முழுக்க ஆமென் என்றது. எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம்தான் இரண்டாம் வகுப்பில் 'என் அப்பா' என்று படம் வரையச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் பிள்ளை நீளமாக ஒரு கட்டம் போட்டு, அதற்குள் அப்பாவின் முகத்தை வரைந்து, கீழே சிவப்பாக ஒரு வட்டம் வைத்திருந்தாள். "இது என்னம்மா, பொட்டா?" என்று கேட்டேன். "இல்ல சார், அத அமுக்கினா அப்பா போயிருவாவ" என்றாள். அவள் அப்பா சவூதியில் மீன்பிடிக்கப் போனவர். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறார். நம்ம ஊரில் இப்படி எத்தனை வீடு என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளையிடம் போய், சாத்தான் என்று சொல்ல முடியுமா?

திருச்சபையும் கருவியைக் கண்டு ஓடிய சபை கிடையாது. புனித சவேரியார் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். படித்த செபத்தை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடு என்று பிள்ளைகளை அனுப்பி வைத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதே மனிதர்தான் 1544 கடைசியில் நம்ம கரைக்கு வந்தார். அப்புறம் 1578-இல், இங்கிருந்து அதிக தூரமில்லாத கொல்லத்தில், சேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்ற மறைக்கல்விப் புத்தகத்தை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. மொத்தமே 16 பக்கம். ஊருக்கு ஒரு பிரதி இருந்தால் பெரிய காரியம். படிக்கத் தெரிந்த உபதேசியார் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து திரும்பச் சொல்வார்கள். 1931-இல் வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனியேதான். மணி, அச்சு, வானொலி எல்லாமே அந்தந்தக் காலத்துப் புதுக் கருவிகள். மூன்றும் ஆளைக் கூட்டின. இன்றைய கருவி ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார வைக்கிறது. எனக்குப் பயம் அங்கேதான்.

கொரோனாவுக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் பள்ளியைப் பூட்டினோம். சின்ன வகுப்புகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. 19 மாதத்துக்கு மேல். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை முதன்முதலாக நம்ம பெஞ்சில் வந்து உட்காரும்போது இரண்டாம் வகுப்பு பாதிக்கு வந்துவிட்டது. அப்படி வந்தவர்களில் ஒரு பையன். நல்ல சூட்டிகை. எழுப்பி ஒரு கணக்குக் கேட்டேன். எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னான்: "வீட்டுல போயி வாய்ஸ் போடுதேன் சார்." வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. ஒரு முகத்தைப் பார்த்து, தப்பானாலும் பரவாயில்லை என்று அங்கேயே பதில் சொல்கிற பழக்கமே அவனுக்கு வரவில்லை. தனியாகப் பேசி, சரியில்லை என்றால் அழித்து, மறுபடி பேசி, அனுப்பிப் பழகியவன்.

அதே காலத்தில் இன்னொன்றும் பார்த்தேன். கோவில் நடையில்தான் டவர் நன்றாகக் கிடைக்கும். கல்லூரிக்குப் போகிற ஒரு பெண், தெருவில் போன் இல்லாத பிள்ளைகள் ஐந்தாறு பேரை அந்த நடையில் உட்கார வைத்து, தன் ஒரே போனில் பாடம் காட்டிக்கொண்டிருந்தாள். திரை சின்னது. ஒருத்தன் தலை ஒருத்திக்கு மறைக்கும், சண்டை. "நீ பாத்தது போதும், தள்ளு லேய்" என்று சத்தம். பாதி நேரம் வீடியோவை நிறுத்தி அவளே தரையில் கரியால் எழுதிக் காட்டுவாள். பள்ளி திறந்தபோது அந்த ஐந்தாறு பேரும் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். தனக்கென்று டேப்லெட் வைத்திருந்த பிள்ளைகளில் சிலர் வாசிக்கவில்லை. இது ஆராய்ச்சி முடிவில்லை, நான் கண்ணால் பார்த்தது, அவ்வளவுதான். ஆனால் என் கேள்வி அந்தப் படிக்கட்டில் பிறந்தது.

பூசையும் அப்போது டிவியில்தான். ஒரு வீட்டில் பாட்டி டிவிக்கு முன்னால் முழங்காலில் நிற்க, பேரன், "பாட்டி, சாமியார் கை ஏன் வெளியே வரமாட்டேங்குது? நன்மை எப்படி வாங்குவ?" என்று கேட்டிருக்கிறான். (நன்மை என்றால் பூசையில் கையில் வாங்குகிற நற்கருணை.) மறைக்கல்வி ஆசிரியர்கள் எல்லோருமாகச் சேர்ந்தாலும் இதைவிடத் தெளிவாக ஒரு பாடம் எடுக்க முடியாது.

சரி, வாட்ஸ்அப் குழுவுக்கு வருவோம். (இந்த இடத்தில் தாய்மார்கள் பக்கம் ஒரு சலசலப்பு.) தகவல் சொல்ல நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மாதத் தேர்வு மதிப்பெண்ணைப் பெயரோடு அப்படியே குழுவில் போட்டார்கள். கடைசியில் இருந்த பிள்ளையின் அம்மா அடுத்த வாரம் அன்பியக் கூட்டத்துக்கு, அதாவது பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற கூட்டத்துக்கு, வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒரு படம், ஒரு விரல் அசைவு. ஒரு குடும்பம் தெருவிலிருந்து ஒதுங்கிவிட்டது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவரைக் குழந்தை என்கிறது. குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் கிடக்கட்டும். ஊர் அம்பலத்தில் நிறுத்திச் சொல்லத் தயங்குகிற ஒன்றைக் குழுவில் எப்படிப் போடுகிறோம்?

இன்னொன்று, இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காடு கலவரம் நடந்தபோது எனக்கு 20 வயது. அப்போது போன் கிடையாது, வதந்தி காலால் நடந்தது. நடந்தே அவ்வளவு கேடு செய்தது. எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் நம்ம மாவட்டத்துக்கு. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு. இவ்வளவு படித்த நாமே வருகிற ஃபார்வர்டை வாசிக்காமல் அடுத்த குழுவுக்குத் தள்ளுகிறோம். இந்தப் பள்ளியில் மதியம் கோவில் மணி அடிக்கும்போது நம்ம பிள்ளைகள் மூவேளை செபம் சொல்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அமைதியாக நிற்கிறார்கள். யாரும் அவர்களைச் சொல்லச் சொல்வதில்லை. செபம் முடிந்ததும் ஒரே டிபன் பாக்ஸில் மூன்று கை. அந்த மூன்று கையையும் தெரிந்த பிள்ளையிடம் எந்தக் குழுவும் எதையும் அவ்வளவு சுலபமாக விற்க முடியாது.

இப்போது ஏஐ வந்திருக்கிறது. நான்காம் வகுப்பில் 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று கட்டுரை கொடுத்தார்கள். என் பேத்தி அம்மாவின் போனில் கேட்டு எழுதிவிட்டாள். நல்ல தமிழ், பிழையே இல்லை. யானைகள் அணிவகுக்கின்றன, மக்கள் ஆற்றில் புனித நீராடுகிறார்கள். நம்ம ஊரில் ஏது ஆறு? யானையைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். அடுப்படியில் அவள் பாட்டி முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்க் கேள் என்று அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கொடியேற்றம், ஒவ்வொரு நாளும் எந்த அன்பியத்தின் பொறுப்பு, தேர் எந்தத் தெருமுனையில் திரும்பும்போது கயிறு அறுந்தது, யார் யாரைத் திட்டினார்கள், எல்லாம் இருந்தது. பிழையும் நிறைய இருந்தது. ஆசிரியை நல்ல மதிப்பெண் போட்டார்.

2025 ஜனவரியில் வத்திக்கான் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு நீண்ட ஆவணம் வெளியிட்டது. ஆசிரியர் நேரில் இருப்பதற்கு எதுவும் ஈடாகாது என்பது அதில் வருகிறது. அதே வருடம் செப்டம்பர் 7-ஆம் தேதி கார்லோ அக்குத்திஸுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் செய்த பையன். 2006-இல் 15 வயதில் இரத்தப் புற்றுநோயில் இறந்தார். அவரைப் பற்றிச் சொன்னதும் ஐந்தாம் வகுப்பில் ஒருவன் துள்ளினான்: "பாத்தீங்களா சார், புனிதரே கம்ப்யூட்டர்தான்!" அவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கேம் விளையாடினாராம் என்றேன். கொஞ்சம் யோசித்து, "அப்போ நான் புனிதர் ஆகல சார்" என்று உட்கார்ந்துவிட்டான்.

ஆசிரியர்களையும் விட்டுவிடக் கூடாது. வருகைப் பதிவுக்கு ஆப் வந்த பிறகு, காலை முதல் பத்து நிமிடம் ஆசிரியை சிக்னல் தேடி ஜன்னலோரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிள்ளை காலையில் முதலில் பார்ப்பது டீச்சரின் முதுகை. அது அவர் தப்பில்லை. ஆனால் பதிவுக்கு முன்னால் ஒரு தடவை ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நேற்றைக்கு அப்பா கடலிலிருந்து வந்தாரா, வரவில்லையா என்பது அந்த முகத்தில்தான் இருக்கும். ஒக்கிப் புயல் நேரத்தில், 2017 டிசம்பரில், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து வகுப்பறைகளில் எந்தப் பதிவேடும் சொல்லாததை முகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அங்கே கருவி போதாமல் போயிற்று என்பதையும் நான் மறக்கவில்லை. நல்ல கருவி வேண்டும் என்று கேட்கிற முதல் ஆள் மீனவன்தான்.

கடைசியாக, சிஸ்டர் ஒத்துக்கொண்ட ஒரு காரியம். ஜிபிஎஸ் வருவதற்கு முன் நம்ம பெரியவர்கள் கடலுக்கடியில் பார், அதாவது மீன் கூடுகிற பாறைத்திட்டு, இருக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரையில் தெரிகிற கோவில் கோபுரத்தை, பின்னால் தெரிகிற மலைக்கு நேராகக் கொண்டுவருவார்கள். வேறொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளம். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தூண்டில். இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் இன்று ஊரில் சிலர்தான், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. போன மாதம் ஐந்தாம் வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். ஒரு தாத்தா மணலில் குச்சியால் கோடு போட்டு ஒரு பாரின் இடத்தைக் காட்டினார். பிள்ளைகள் அதைப் போனில் படம் எடுத்தார்கள். கடலுக்குப் போகிற ஒருவர், அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா, அடையாளம் பார்த்து அங்கே போய்த் தன் ஜிபிஎஸ்ஸில் வந்த எண்ணைக் கரை திரும்பியதும் வாய்ஸ் மெசேஜில் அனுப்பினார். வகுப்பு டிவியில் வரைபடத்தைத் திறந்து முப்பது பிள்ளைகளும் அந்தப் புள்ளியை வைத்தார்கள். மலையிலிருந்து கோபுரத்துக்கு ஒரு கோடு இழுத்து அப்படியே கடலுக்குள் நீட்டினால், புள்ளி கோட்டின் மேலேயே விழுந்தது. தாத்தாவிடம் போய்ச் சொன்னார்கள். "ஜிபிஎஸ் சரியாத்தான் காட்டுது அப்போ" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறோம், இன்னும் நான்கு பார் பாக்கி இருக்கிறது. பிள்ளைகள் தொப்பி கொண்டு வர வேண்டும். வீட்டில் தாத்தா இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். பெற்றோர் யாராவது இரண்டு பேர் போனை முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.