கொடுத்தது யாருடைய காசு? பழைய ஆங்கிலப் பள்ளிக் கதைகளில் பாக்கெட் மணியும் காணிக்கைத் தட்டும்

[காட்சி: கேக் கடை ஒன்றின் கண்ணாடி அலமாரி]

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு கேக் கடையைக் கடந்து போகிறான். துக்கமும் ஆத்திரமும் தொண்டையை அடைக்க, முகம் ஊதா நிறமாகும் அளவுக்கு அவன் பொருமுகிறான். அவன் பெயரில் பாக்கெட் மணி உண்டு. ஆனால் அது அவன் கைக்கு வருவதற்கு முன்பே, அவனுடைய தாய் அதை முழுவதுமாகத் தர்ம காரியத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1852 முதல் 1853 வரை தொடராக எழுதிய 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் வரும் பார்டிகிள் அம்மையாரின் கடைசி மகன் இவன். பன்னிரண்டு வயதான மூத்தவன் எக்பர்ட், தன் 5 ஷில்லிங் 3 பென்சையும் எங்கோ தொலைவில் வாழும் பழங்குடியினருக்கு வழங்கிவிட்டதாகத் தாய் பெருமையோடு அறிவிக்கிறார். அவனோ, சிறிது நேரத்தில், உடன் நடந்துவரும், கதையைச் சொல்லும் எஸ்தரைக் கிள்ளி, தனக்கு ஒரு ஷில்லிங் தரும்படி கேட்கிறான். என் பணம் என்று பெயர் வைத்துவிட்டு, அதை ஒருபோதும் செலவழிக்க விடாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் அவனுடைய கோபம். அது மிகவும் நியாயமான கோபம் என்றே நான் நினைக்கிறேன்.

இது பள்ளிக் கதை அல்ல. ஆயினும் பின்னால் வந்த ஆங்கில விடுதிப் பள்ளிக் கதைகளில், பணம் வரும் இடங்களில் எல்லாம் எக்பர்ட்டின் கேள்வியே திரும்பத் திரும்ப எழுகிறது. பிள்ளையின் பணம் உண்மையில் பிள்ளையுடையதுதானா?

நாணயக் கணக்கை ஒரே வரியில் முடித்துவிடுவோம்: 12 பென்ஸ் (ஒன்று என்றால் பென்னி) ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, இந்த முறை 1971 பிப்ரவரி 15 அன்று முடிவுக்கு வந்தது.

[காட்சி: பெரிய பெட்டி ஒன்று, அதில் விழும் நாணயங்கள்]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறோம். எனிட் பிளைட்டன் 1940இல் வெளியிட்ட 'த நாட்டியஸ்ட் கேர்ள் இன் த ஸ்கூல்' கதையில் வைட்லீஃப் என்றொரு பள்ளி வருகிறது. அங்கே மாணவர்கள் கொண்டுவரும் பணமும், பிறந்தநாளுக்கு உறவினர் அனுப்பும் பணமும், எவ்வளவாக இருந்தாலும், ஒரே பொதுப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். பிறகு செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கும் எளியவர் வீட்டுப் பிள்ளைக்கும் வாரத்துக்குத் தலா 2 ஷில்லிங் வழங்கப்படும். அதற்கு மேல் தேவைப்படுபவர் வாராந்தரக் கூட்டத்தில் எழுந்து, இன்னதற்காக இவ்வளவு வேண்டும் என்று அனைவர் முன்னிலையிலும் கேட்க வேண்டும். கொடுப்பதா மறுப்பதா என்று முடிவுசெய்பவர்கள் ஆசிரியர்கள் அல்லர். மாணவர் தலைவர்களான வில்லியமும் ரீட்டாவும், அவர்களோடு அமர்ந்திருக்கும் மானிட்டர்களும்தான். குழந்தைகளுக்கான கதையில் இத்தனை துணிச்சலான பொருளாதார ஏற்பாட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பிளைட்டன் அந்த விதியை உயர்த்திப் பேசுவதோடு நிற்காமல், அது எங்கே வலிக்கும் என்பதையும் காட்டுகிறார். செல்லமாக வளர்ந்த கதாநாயகி எலிசபெத், தன் தோழி ஜோனைத் தாயே மறந்துவிட்டதுபோல நடந்துகொள்வதைப் பார்க்கிறாள். ஜோனின் பிறந்தநாள் வருகிறது. மாமா கொடுத்த பணத்தைப் பெட்டியில் போடாமல் மறைத்து, அதில் கேக் வாங்கி, அது ஜோனின் தாயே அனுப்பியதுபோல வந்து சேரும்படி எலிசபெத் செய்துவிடுகிறாள். விதியை மீறியவள் தனக்கென ஒன்றும் வாங்கவில்லை. இதே வரிசையில் 1945இல் வந்த மூன்றாம் நூலில் மார்ட்டின் என்ற சிறுவன் இதையும் தாண்டிப் போகிறான்: பிறர் தன்னை விரும்ப வேண்டும் என்ற ஏக்கத்தில், காசையும் மிட்டாயையும் திருடி மற்றவர்களுக்கே கொடுத்துவிடுகிறான். சமமாகப் பணம் பிரித்துக் கொடுத்த பின்னும், கொடுப்பவன் என்ற பெயருக்காகப் பிள்ளைகள் ஏங்குவார்கள் என்பதை அந்த எழுத்தாளர் அறிந்திருக்கிறார்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் இப்படியொரு பொதுப் பெட்டி வைத்தால் நீங்கள் சம்மதிப்பீர்களா என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். மறுப்பவர்கள் காரணத்தையும் எழுதினால் மகிழ்வேன்.

கதைக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. ஜார்ஜ் ஆர்வெல் கட்டணச் சலுகையில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தவர். அவர் இறந்தபின் 1952இல் வெளியான நினைவுக் கட்டுரையில், கணக்கில் பணம் இருந்தபோதும் பொம்மை விமானம் போன்ற விலை உயர்ந்த பொருள்களை வாங்கவிடாமல் தன்னைப் போன்ற ஓரிருவரைப் பள்ளி தடுத்ததாக எழுதுகிறார். மற்ற மாணவர்களின் பிறந்தநாளுக்குக் கேக் வரும், செலவு பெற்றோரின் பில்லில் சேரும். அவருக்கு மட்டும் ஒரு வருடமும் வந்ததில்லை. அவருடைய பெற்றோர் அதற்கான பணத்தை மனமுவந்தே கொடுத்திருப்பார்கள். இந்த முறை எனக்கும் கேக் உண்டு என்று ஓரிரு முறை நண்பர்களிடம் சொல்லிவிட்டு, தேநீர் வேளையில் அவமானப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. வைட்லீஃபில் ஒரு மாணவன் எழுந்து ஏன் என்று கேட்டிருக்கலாம். இங்கே கேட்பதற்கு இடமே இல்லை.

[காட்சி: தேவாலயத்தில் கைமாறும் காணிக்கைத் தட்டு]

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூல், ஏழைகளுக்கான காணிக்கையைத் தகுதியான ஒரு பாத்திரத்தில் வாங்க வேண்டும் என்று விதிக்கிறது. சில ஆலயங்களில் அது தட்டு, சில ஆலயங்களில் துணிப் பை. துணிப் பையில் கையை விட்டால் என்ன போட்டோம் என்பது அடுத்தவருக்குத் தெரியாது; தட்டில் போட்டால் பக்கத்தில் இருப்பவருக்கெல்லாம் தெரியும். வெண்கலப் பென்னி 31 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய நாணயம், தட்டில் விழுந்தால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட மூன்று மடங்கு மதிப்புள்ள வெள்ளி மூன்று பென்ஸ் நாணயமோ 16 மில்லிமீட்டர்தான், ஆனால் பளபளக்கும். கொடுப்பது கொஞ்சமே என்றாலும் வெள்ளியாகத் தெரிய வேண்டும் என்று விரும்பியவர்களுக்கு அது ஏற்ற நாணயமாக இருந்தது. வாரத்துக்கு ஆறு பென்ஸ் மட்டுமே பெறும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு, அந்தச் சிறிய வெள்ளிக் காசு வாரப் பணத்தில் சரிபாதி.

பிள்ளைகளின் காசு சேர்ந்தால் எவ்வளவாகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. லண்டன் மிஷனரி சங்கத்துக்காக பிரிட்டனின் குழந்தைகள் திரட்டிய 6,237 பவுண்டில் 'ஜான் வில்லியம்ஸ்' என்ற கப்பல் 1844இல் பசிபிக் தீவுகளுக்குப் புறப்பட்டது. பென்னியாக மாற்றிப் பாருங்கள், ஏறத்தாழ 15 லட்சம் பென்னி! அவற்றுள் எத்தனை மனமுவந்து போட்டவை, எத்தனை எக்பர்ட்டின் காசைப் போலப் பிடுங்கப்பட்டவை என்பதைக் கப்பலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதே சங்கத்தின் மிஷனரியான ரிங்கல்தௌபே 1806இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மயிலாடிக்கு வந்து பணியாற்றியவர். தென் தமிழகத்துத் திருச்சபைகளில், சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் சேர்த்து ஆலயத்துக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை பழகி வந்தது. அங்கே கொடுப்பவர் தன் வீட்டு உலையிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறார்.

ஞாயிறு பள்ளிக்குப் போய் வளர்ந்தவர்கள் இந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தால், எனக்கு ஒரு தகவல் தேவைப்படுகிறது. நீங்கள் காணிக்கைப் பையில் போட்ட காசு, வாசலில் வைத்துப் பெற்றோர் உங்கள் உள்ளங்கையில் அழுத்தியதா, அல்லது மிட்டாய்க்கென்று நீங்களே வைத்திருந்ததா? எழுதி அனுப்புங்கள், அடுத்த பகுதியை உங்கள் பதில்களைக் கொண்டே தயாரிக்க விரும்புகிறேன்.