அளப்பவர் யார்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் மனநலத் தேவையைப் பெரிதும் நிறைவு செய்யக்கூடியது எளிதில் எட்டும் மருத்துவ வசதியா, அச்சமூகத்திலிருந்தே எழுந்த உளவியலாளர்களா என்பது இன்றைய வழக்கு. உளவியலாளர்களே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1946இல் தொடங்கிய லஃபார்க் மனநல மருத்துவமனையைக் காட்டி, "கட்டணம் 25 சென்ட், தலைமை மருத்துவர் வெள்ளையர், மக்கள் வரவில்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால், அது இயங்கிய இடத்தை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். கறுப்பின மக்களின் புனித பிலிப்பு தேவாலயத்தின் அடித்தளத்தில், எழுத்தாளர் ரிச்சர்டு ரைட்டின் துணையோடு, இரு இனத்தவரும் சேர்ந்து பணியாற்ற அது நடந்தது. மருத்துவர் அங்கே விருந்தாளி, வீடு அவர்களுடையது.

அந்த நெருக்கம் ஏன் தேவைப்பட்டது? 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதையே மனநோய் என்று எழுதி, அதற்கொரு பெயரும் சூட்டி, சவுக்கடியையும் பரிந்துரைத்தார். நோய் எது என்று தீர்மானிக்கும் உரிமை எதிராளியிடம் இருக்கும்போது, கட்டணத்தைக் குறைத்து என்ன பயன்?

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பினக் குழந்தைகள் ஆறு பேர், நுண்ணறிவுத் தேர்வில் 75 மதிப்பெண்ணை எட்டவில்லை என்று அறிவுத்திறன் குன்றியோருக்கான வகுப்பில் சேர்க்கப்பட்டார்கள். 1968இல் அதே நகரில் தொடங்கப்பட்டிருந்த கறுப்பின உளவியலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், அக்குழந்தைகளோடு முதலில் பழகி, கேள்விகளை அவர்கள் வீட்டில் புழங்கும் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக் கேட்டு, வேறு சொற்களில் வந்தாலும் அறிவோடு வந்த விடைக்கு மதிப்பெண் தந்து மீண்டும் சோதித்தபோது, ஆறு பேருமே அந்த எல்லையைத் தாண்டினார்கள். லாரி பி. வழக்கு என்று பெயர்பெற்ற இதில், கறுப்பினக் குழந்தைகளை அவ்வகுப்புகளில் சேர்க்க அத்தகைய தேர்வுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979இல் நீதிபதி பெக்கம் தீர்ப்பளித்தார். அமெரிக்க உளவியல் கழகம் இனவாதத்தில் தனக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்க 2021 வரை ஆயிற்று என்பதையும் நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். அந்த ஆறு குழந்தைகளும் முதல் தேர்வின் முடிவோடு உங்கள் 25 சென்ட் மருத்துவமனைக்கு வந்திருந்தால், எந்த நோய்க்கு நீங்கள் சிகிச்சை அளித்திருப்பீர்கள்?