கறுப்பு வெள்ளையில் ஒரு டெர்பி

எல்லோருக்கும் வணக்கம். ஒரே ஊரின் எதிரி அணிகள் மோதும் ஆட்டத்தை டெர்பி என்பார்கள். பழைய கால்பந்து டெர்பிகளின் புகைப்படங்களை ஜிக்சா புதிராக வெட்டி விற்கிறார்கள். வெறும் நினைவுப்பொருள் வியாபாரம் என்று இதை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. எனக்கு இதில் பெரிய மரியாதை இருக்கிறது. சுவரில் மாட்டிய படத்தை இரண்டாம் நாளே கவனிக்காமல் கடந்துபோகிறோம். அதையே ஆயிரம் துண்டாக்கி மேஜையில் கொட்டினால், ஒவ்வொரு அங்குலத்தையும் பார்த்தே தீர வேண்டும்.

ஜிக்சா தொடங்கியதே அதற்காகத்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், தேசப்படங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளின் வழியாக அறுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் அதைச் சேர்த்துப் பார்த்தே புவியியல் படித்தார்கள்.

சரி, டெர்பிக்கு வருவோம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் 1892 வரை ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது எவர்டன் அணி. வாடகைத் தகராறில் அந்த அணி வெளியேறி, பக்கத்துப் பூங்காவுக்கு அந்தப் பக்கம் குடிசன் பார்க் மைதானத்தில் போய் உட்கார்ந்தது. காலியாக நின்ற ஆன்ஃபீல்டுக்காக, அதை வாடகைக்கு விட்டிருந்த ஜான் ஹோல்டிங் தொடங்கிய அணிதான் லிவர்பூல். பிற்பாடு லிவர்பூலுக்குச் சிவப்பு, எவர்டனுக்கு நீலம் என்று நிலைத்தது.

இந்த இரண்டு நிறமும் புகைப்படத்தில் என்ன ஆகின்றன என்பதுதான் புதிர் போடுகிறவருக்கு விருந்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேமராவில் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்புச் சட்டை கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். அப்புறம் எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் வந்தது. அதில் சிவப்பும் நீலமும் பக்கத்துப் பக்கத்துச் சாம்பல் நிறங்களாகிவிடும். எந்த நிறத்துக்காக அரங்கமே இரண்டாகப் பிரிந்து தொண்டை கிழியக் கத்தியதோ, அந்த நிறம் படத்தில் இல்லை! கையில் இருக்கும் துண்டு எந்த அணியின் தோள் என்று கண்டுபிடிக்க, காலரின் வெட்டையும் காலுறையின் பட்டையையும்தான் பார்த்தாக வேண்டும். முதுகில் எண்ணும் இருக்காது. இங்கிலாந்து லீக்கில் எண் கட்டாயமானதே 1939இல்தான்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் இன்னும் சுவாரசியம். அந்த ஊர் அணிகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் முதன்முதலில் மோதியது 1888 மே 28 அன்று. செல்டிக் 5-2 என்று ஜெயித்தது. 1889 முதல் 1903 வரை செல்டிக் சட்டையில் நெடுக்குக் கோடு, அதற்குப் பிறகு குறுக்குக் கோடு. படத்தின் காலத்தைச் சொல்ல இது ஒன்றே போதும். ஆனால் துண்டாக வெட்டியபின் என்ன ஆகும்? கையில் துண்டைத் திருப்பினால் நெடுக்குக் கோடும் குறுக்காகிவிடும்! பக்கத்துத் துண்டு மாட்டும்வரை அது எந்தக் காலத்துச் சட்டை என்றே சொல்ல முடியாது. இந்தச் சின்னத் தவிப்புக்காகவே அந்தப் படங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது கூட்டம். 1937இல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் 1,49,415 பேர். அந்தக் காலத்துக் கூட்டத்தைப் புதிராகப் போட்டால், துண்டுக்குத் துண்டு தொப்பிதான். நிறைய பேர் இங்கேதான் அலுத்து எழுந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். ஒரு தொப்பியின் கீழ் வாய் திறந்திருக்கும். இன்னொன்றின் கீழ் ஒருவர் பந்தை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோல் அடித்தவரின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. இவர்கள் இருப்பது இந்தப் படத்தில் மட்டும்தான். அதனால்தான் புதிர் தயாரிப்பவர்கள் கூட்டத்தை வெட்டிவிட்டு வீரர்களை மட்டும் பெரிதாக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தயாரிப்பவர்களிடம் இன்னும் சில கோரிக்கைகள். தயவுசெய்து பத்திரிகைக் கத்தரிப்பிலிருந்து எடுக்காதீர்கள். ஆயிரம் துண்டுப் புதிர் சுமார் 70 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் வரும். அச்சுப் படத்தை அவ்வளவு பெரிதாக்கினால் முகமெல்லாம் புள்ளிதான். நெகட்டிவையோ மூலப் பிரதியையோ தேடிப் பிடியுங்கள். பத்திரிகை அலுவலகங்களில் பந்து சரியாகத் தெரியாத படத்தில் தூரிகையால் பந்தை வரைந்து சேர்க்கும் வழக்கமும் இருந்தது. அப்படி ஒரு படம் கிடைத்தால் மறைக்காமல் பெட்டியிலேயே எழுதுங்கள். ஆட்டத்தின் தேதி, மைதானம், எடுத்தவர் பெயர் தெரிந்தால் அதுவும் வேண்டும். கணினியை வைத்து வண்ணம் மட்டும் பூசாதீர்கள். சாம்பலில் எது சிவப்பு, எது நீலம் என்று அது ஊகிக்கத்தான் முடியும். டெர்பிப் படத்தில் அந்த ஊகம் தப்பினால் ஒரு அணி எதிரியின் சட்டையில் நிற்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஐந்நூறு துண்டு, பெரிய கோடுபோட்ட சட்டைகள், குறைந்த வானம் உள்ள படமாகப் பார்த்து எடுங்கள். மூடுபனி வானத்தில் பிடிமானமே கிடைக்காது. ஓரத்தை முடித்ததும் நேராக கோல் கம்பத்துக்குப் போங்கள். சாம்பலுக்கு நடுவே அந்த வெள்ளைக் கோடுதான் முதலில் கண்ணில் படும்.