எழுத்து வரிசையில் ஊர்கள்: நடுவில் ஒரு நோகோமிஸ்

[திரை: சஸ்காட்சவன் மாகாண வரைபடம். ஒரு ரயில் பாதை மட்டும் சிவப்பில்.]

வணக்கம். கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தில் மெல்வில் என்ற ஊரிலிருந்து இந்தப் பாதையோடு மேற்கே போவோம். ஃபென்வுட், குடீவ், ஹப்பார்ட், இட்டூனா, ஜாஸ்மின், கெல்லிஹர், லீராஸ். முதல் எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: எஃப், ஜி, ஹெச், ஐ, ஜே, கே, எல்!

இது வேண்டுமென்றே செய்தது. 1900-களின் தொடக்கத்தில் கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில்வே இந்தப் புல்வெளியில் தண்டவாளம் போட்டது. விவசாயி குதிரை வண்டியில் கோதுமையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அன்றே வீடு திரும்ப வேண்டும். அதனால் சில மைல்களுக்கு ஒரு ஸ்டேஷன் தேவைப்பட்டது. அத்தனைக்கும் பெயர் வேண்டுமே! எழுத்து வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். இசட் வந்ததும் மறுபடி ஏ.

[திரை: வாட்ரஸ், ஸீனா (Xena), யங், ஸெல்மா (Zelma)]

எனக்குப் பிடித்த பகுதி இது. டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் நான்கும் வரிசையாக வந்துவிட்டன. கம்பெனி அதிகாரி ஃபிராங்க் வாட்ரஸ் மோர்ஸின் நடுப்பெயர்தான் வாட்ரஸ். 'மோர்ஸ்' என்று வைத்திருந்தால் அந்த இடத்துக்குப் பொருந்தியிருக்காது. கெல்லிஹர், கம்பெனியின் தலைமைப் பொறியாளர். மெல்வில், அதன் தலைவர் சார்லஸ் மெல்வில் ஹேஸ். 1912-இல் டைட்டானிக்கில் இறந்தவர்.

[திரை: டேட், நோகோமிஸ், அண்டோரா, வென்]

இப்போது இங்கே பாருங்கள். டி, பிறகு யூ வர வேண்டும். நடுவில் 'என்' எப்படி வந்தது?

ரயிலுக்கு முன்பே தபால் வந்துவிட்டதுதான் காரணம். அந்தக் காலத்தில் குடியேறியவர்களில் யாராவது ஒருவர் பொறுப்பேற்றால், அவர் பண்ணை வீட்டு அறையே தபால் நிலையம். வண்டியிலோ பனிச்சறுக்கு வண்டியிலோ மூட்டை வரும். அக்கம்பக்கத்தார் கடிதம் வாங்க அங்கேதான் வருவார்கள். பெயரை உள்ளூரிலிருந்து எழுதி அனுப்ப, தபால் துறை ஒப்புதல் தர வேண்டும்.

இங்கே பொறுப்பேற்றவர் ஒரு பெண். 1906-இல் அவர் தேர்ந்தெடுத்த பெயர் நோகோமிஸ். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் கவிதையில் வரும் கதாநாயகன் ஹயவாதாவின் பாட்டி பெயர் அது. அதன் பிறகு கிராண்ட் டிரங்க் பசிபிக், கனடியன் பசிபிக் ஆகிய இரண்டு பாதைகளும் அந்தப் பக்கத்தில் குறுக்கிட்டன, ஊர் வளர்ந்தது. ஆனாலும் தபால் முத்திரையில் இருந்த பெயரே நிலைத்தது. இத்தனை பெரிய கம்பெனியின் வரிசைக்குள் பண்ணை வீட்டுப் பெண் ஒருவர் வைத்த பெயர் உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தருகிறது. அந்த மக்களுக்குக் கடிதம் கொண்டுவந்த பெயர் அல்லவா!

[திரை: 15-ஆம் எண் நெடுஞ்சாலை]

கம்பெனி 1919-இல் நொடித்து, பிறகு கனடியன் நேஷனலோடு சேர்ந்தது. பெயர்கள் மாறவில்லை. மேப்பில் மெல்வில்லிலிருந்து 15-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே நகர்த்துங்கள். வரிசை வேறு எங்கெல்லாம் தடுக்குகிறது என்று கமென்டில் எழுதுங்கள்.