உருளைக்கிழங்குக்குள்ள ஈ.கோலை ஜீன்! எதுக்கு வெச்சாங்க தெரியுமா?

பிரெஞ்சு ஃப்ரைஸ் எண்ணெய் கம்மியா குடிக்கணும். என்ன பண்ணலாம்? எங்க அம்மா மாதிரி பேப்பர்ல போட்டு ஒத்தி எடுக்கலாம். இல்லன்னா 1992-ல மான்சாண்டோ கம்பெனி விஞ்ஞானிகள் செஞ்ச மாதிரி, ஈ.கோலை பாக்டீரியாவோட ஜீன் ஒண்ணை எடுத்து உருளைக்கிழங்குச் செடிக்குள்ள வெச்சுப் பாக்கலாம். ஆமா, குடல்ல இருக்கே, அதே ஈ.கோலைதான். முகத்த சுளிக்காதீங்க, கதையக் கேளுங்க.

அடிப்படைய வேகமா சொல்லிடறேன். பாக்டீரியாவுக்கு சர்க்கரை நெறைய கிடைக்குது, ஆனா நைட்ரஜன் பத்தலன்னு வைங்க. வளர முடியாது. மிஞ்சின குளுக்கோஸ அப்படியே உள்ள வெச்சா தண்ணிய இழுத்து செல் உப்பிடும். அதனால குளுக்கோஸ ஒண்ணோட ஒண்ணு கோத்து, கிளைகோஜன் உருண்டையா ஆக்கி வெச்சுக்கும். குதிர்ல நெல்லக் கொட்டி வைக்கிற மாதிரி.

இதுக்கு அஞ்சு ஜீன் வரிசையா ஒட்டி நிக்குது. ஜிஎல்ஜி பி, எக்ஸ், சி, ஏ, அப்புறம் இன்னொரு பி. தமிழ்ல எழுதினா ரெண்டும் பி-தான், மன்னிச்சுக்குங்க. முதல் பி பஸ்ஸுக்கு வர்ற பி, கடைசி பி பப்பாளிக்கு வர்ற பி. சி, குளுக்கோஸ் மேல ஏடிபி (ADP) -ங்கிற கைப்பிடிய மாட்டும். ஏ, அதப் புடிச்சு சங்கிலியா கோக்கும். பஸ் பி கிளை போடும். பசி வந்தா பப்பாளி பி நுனியிலேருந்து ஒவ்வொரு குளுக்கோஸா கழட்டும். கிளையில நாலே நாலு மிச்சம் இருக்கும்போது அது நின்னுடும். அந்தக் குச்சிய வெட்டி எடுக்கிறது எக்ஸ். அவ்ளோதான் பாடம்.

இப்பதான் எனக்குப் புடிச்ச இடம். ஸ்கூல்ல உருளைக்கிழங்குத் துண்டு மேல அயோடின் விட்டது ஞாபகம் இருக்கா? கருநீலமா மாறும். ஸ்டார்ச்சோட நீளமான சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும், அந்தச் சுருளுக்குள்ள அயோடின் போய் உக்காந்துக்கும், அதான் நீலம். கிளைகோஜன்ல கிளைக்கு மேல கிளை. நீளமா சுருள இடமே கிடையாது. அதனால செம்பழுப்புதான் வரும்.

இத வெச்சு ஆராய்ச்சிக்காரங்க ஒரு அட்டகாசமான வேலை பண்ணாங்க. குளுக்கோஸ் போட்ட தட்டுல ஈ.கோலைய வளத்து, அயோடின் ஆவிய காட்டினாங்க. (திரையில் தட்டு, பக்கத்துல வச்சுக் காட்டணும்.) சாதாரண காலனி பழுப்பா மாறுச்சு. ஏ ஜீன் கெட்டுப்போன காலனியில கிளைகோஜனே இல்ல, வெறும் மஞ்சள். பஸ் பி கெட்டதப் பாருங்க... நீலம்! கிளை போட ஆள் இல்லாததால பாக்டீரியா நேர் சங்கிலியா நூத்துக்கிட்டே போயிருக்கு. உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சுக்கும் ஈ.கோலைக்கும் நடுவுல ஒரே ஒரு ஜீன்தான் குறுக்க நிக்குதோன்னு தோணுது எனக்கு. எந்த ஜீன் பழுதுன்னு கண்ணால பாத்தே ஊகிக்கலாம், மெஷின் எதுவும் வேணாம். இந்த எடத்துக்காகவாவது ஒரு லைக் போடுங்கப்பா.

சில காலனி அளவுக்கு மீறி கருத்துப்போச்சு. அங்கதான் நம்ம ஹீரோ: ஜிஎல்ஜி சி-16, அதாவது சி ஜீனோட மாறிப்போன வடிவம். சாதாரண சி ஜீன் செய்யிற என்சைமுக்கு ஒரு ஆக்சிலரேட்டர், ஒரு பிரேக் உண்டு. சர்க்கரை நெறைய உடையும்போது வர்ற ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்பேட் முடுக்கி விடும். கையில சக்தி இல்லைன்னு சொல்ற ஏஎம்பி நிறுத்தும். 431 அமினோ அமிலம் கொண்ட அந்த என்சைம்ல 336-வது எடத்துல கிளைசீனுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் வந்து உக்காந்துச்சு. அந்த ஒரு மாத்தத்துல ஆக்சிலரேட்டர மிதிக்காமலே வண்டி ஓட ஆரம்பிச்சுடுச்சு, பிரேக்கும் சரியா புடிக்கல.

செடியும் ஸ்டார்ச் செய்ய அதே ஏடிபி கைப்பிடியத்தான் மாட்டுது. நம்ம ஈரல் மாட்டுறது யூடிபி. அதாவது இந்த விஷயத்துல உருளைக்கிழங்கு நம்மள விட ஈ.கோலைக்குத்தான் நெருங்கின சொந்தம்! அதனாலதான் சி-16-ஐ உருளைக்கு வெச்சுப் பாத்தாங்க. கிழங்குல மட்டும் வேலை செய்யட்டும்னு, கிழங்குல நெறைய இருக்கிற பட்டாட்டின் புரதத்தோட சுவிட்ச மாட்டினாங்க. ஸ்டார்ச் செய்யிற அறைக்குள்ள போய்ச் சேர ஒரு விலாசச் சீட்டும் ஒட்டினாங்க. ஸ்டார்ச் சராசரியா 35 சதவீதம் கூடுச்சு. மாவு கூடினா கிழங்குல தண்ணி குறையும். பொரிக்கும்போது தண்ணி வெளிய போற எடத்துலதான் எண்ணெய் உள்ள வருது, அதனால எண்ணெயும் கம்மியா ஏறும்.

ஜெயிச்சாச்சுன்னு நெனச்சீங்களா? 1996-ல வேற குழு, பிரெய்ரிங்கிற வேற ரகத்துல அதே ஜீனை வெச்சுப் பாத்தாங்க. என்சைம் எகிறுச்சு, ஸ்டார்ச் அசையவே இல்ல. உத்துப் பாத்தா, வேகமாத்தான் கட்டுது. ஆனா அதே வேகத்துல இன்னொரு பக்கம் உடைச்சுக்கிட்டும் இருக்கு. சம்பளம் ஏறின மாசமே ஈஎம்ஐ-யும் ஏறின மாதிரி! அப்போ உடைக்கிற என்சைமையும் சேத்துக் கட்டிப்போட்டா என்ன ஆகும்? உங்க ஊகத்த கமெண்ட்ல போடுங்க.