குடிநீரில் ஃப்ளூரைடு: கால்கரி ஏன் நிறுத்தியது, ஏன் திரும்பக் கலந்தது?

[திரையில்: ஆல்பர்ட்டா வரைபடம். கால்கரி, எட்மன்டன் இரண்டும் குறிக்கப்பட்டிருக்கின்றன.]

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இரண்டு பெரிய நகரங்கள். பல் சொத்தையைக் குறைப்பதற்காக எட்மன்டன் 1967 முதல் குடிநீரில் ஃப்ளூரைடு கலக்கிறது. அதற்குத் தெற்கே, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கால்கரி, 1991-இல் கலக்க ஆரம்பித்து 2011-இல் நிறுத்திவிட்டது. கருவிகள் பழசாகிவிட்டன, புதிதாக வாங்கப் பணம் வேண்டும். அதோடு, மக்களைக் கேட்காமல் எல்லார் வீட்டுத் தண்ணீரிலும் ஒரு பொருளைக் கலக்கலாமா என்ற கேள்வியும் பல வருடங்களாக இருந்தது. நகர மன்றம் வாக்கெடுத்து முடிவு செய்தது.

ஒரே மாகாணம், ஒன்றில் ஃப்ளூரைடு உண்டு, இன்னொன்றில் இல்லை. ஆய்வாளர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு எளிதில் அமையாது. கால்கரி பல்கலைக்கழகத்தின் லிண்ட்சே மெக்லாரன் குழு இரண்டு நகரங்களிலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பற்களைப் பரிசோதித்தது. உடலில் ஃப்ளூரைடு எவ்வளவு சேர்கிறது என்று பார்க்க, அவர்களுடைய நகத் துண்டுகளைக்கூட வாங்கி அளந்தார்கள்.

[திரையில்: 2018-19. கால்கரி 65%, எட்மன்டன் 55%]

நிறுத்தி ஏழெட்டு வருடம் கழித்து, கால்கரியில் நூற்றுக்கு 65 பிள்ளைகளுக்குப் பால் பற்களில் சொத்தை. எட்மன்டனில் 55. நகத்தில் இருந்த ஃப்ளூரைடும் கால்கரிப் பிள்ளைகளுக்குக் குறைவு.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகள் என்பது சின்ன விஷயமே இல்லை. வலியில் ராத்திரி தூங்காமல் அழும் பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள். ஆனால் ஃப்ளூரைடு கலந்த எட்மன்டனிலும் பாதிக்கு மேல் சொத்தைதானே? சர்க்கரையையும் பல் துலக்காத பழக்கத்தையும் தண்ணீர் சரிசெய்துவிடாது.

ஃப்ளூரைடு வேலை செய்யும் விதம் இதுதான். நாம் இனிப்பு சாப்பிட்டதும் வாயில் உள்ள பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் பல்லின் கடினமான மேல் உறையான எனாமலில் இருக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்து எடுக்கும். எச்சிலில் கொஞ்சம் ஃப்ளூரைடு இருந்தால், கரைந்தது திரும்பப் பல்லில் படிய அது உதவும். பெரும்பாலான பலன் பல்லின் மேற்பரப்பில்தான். அதனால்தான் ஃப்ளூரைடு பேஸ்ட் பரவலானபின், தண்ணீரில் கலப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் சுருங்கிவிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2024 மதிப்பாய்வின்படி, 1975-க்குப் பிந்தைய ஆய்வுகளில் ஒரு பிள்ளைக்குக் குறையும் சொத்தை சராசரியாக ஒரு பல்லில் கால் பங்கு அளவுதான். ஆதரிப்பவர்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பவர்கள் காட்டுவது அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு உள்ள தண்ணீருக்கும் குழந்தைகளின் ஐ.க்யூ. (அறிவுத்திறன் அளவு) குறைவுக்கும் தொடர்பு தெரிகிறது என்கிறது அது. அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவு 0.7. அந்த அளவில் பாதிப்பு உண்டா என்று முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் பரவும் வீடியோக்களில் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது. 2025-இல் அமெரிக்க மாநிலங்களான யூட்டாவும் ஃப்ளோரிடாவும் குடிநீரில் ஃப்ளூரைடு கலக்கத் தடை போட்டன.

கால்கரி வேறு பக்கம் போனது. 2021 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 62 சதவீதம் பேர் திரும்பக் கலக்கச் சொன்னார்கள். 2025 ஜூன் கடைசியில் ஆரம்பித்தார்கள். அங்குள்ள ஆற்று நீரில் இயற்கையாகவே 0.1 முதல் 0.4 மில்லிகிராம் வரை உண்டு, அதை 0.7-க்கு உயர்த்துகிறார்கள். பல் மருத்துவரிடம் போகக் காசில்லாத வீடுகளை நினைத்தால், எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. மக்களிடம் கேட்டுவிட்டுச் செய்தது இன்னும் சரி.

[திரையில்: தர்மபுரி, கிருஷ்ணகிரி]

இந்த அமெரிக்க வீடியோக்கள் நம் வாட்ஸப்பிலும் சுற்றுகின்றன. நம் பிரச்சினை நேர் எதிரானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்தே நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு கரைகிறது. பல இடங்களில் அது இந்தியத் தரக் குறியீடு அனுமதிக்கும் உச்ச அளவான 1.5-ஐத் தாண்டும். பற்களில் பழுப்புக் கறை வரும். பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். இதற்காகத்தான் ஒகேனக்கல்லில் இருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது.

அந்தப் பக்கம் போர் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.